ஓடுவது இருக்கட்டும், நிற்குமா?

பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் "வீட்டில் பழைய கார் இருந்தால் எழுதுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிப் பேர் "என் காருக்கு என்ன விலை போகும்?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத் தரகர்கள் இருக்கிறார்கள், என்னை விட்டுவிடுங்கள். மீதிப் பேர் ஓட்ட ஆசைப்பட்டு எழுதியவர்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பக்கம்.

கே: தாத்தா வாங்கிய 1968 அம்பாசடர், கொட்டகையில் 11 வருடமாக நிற்கிறது. தங்கை கல்யாணத்துக்கு அதை ஓட்ட வேண்டும் என்று ஆசை. புதுப் பேட்டரி வாங்கிவிட்டேன். அடுத்து என்ன செய்ய? (கும்பகோணம் வாசகர்)

ப: பேட்டரியைத்தான் கடைசியில் வாங்கியிருக்க வேண்டும். சரி, வாங்கியாயிற்று, அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். ஆசையில் செல்ஃப் அடித்து எஞ்சினைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அத்தனை வருடம் அசையாமல் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அந்த நிலையில் மோட்டாரை வைத்து இழுத்தால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயிலும் கொஞ்சம் டீசலும் விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். உங்களுடையது மார்க் 2, முன்னால் ஹாண்டில் போடும் ஓட்டை இருக்கும். ஹாண்டில் டிக்கியில் எங்காவது சாக்குக்கு அடியில் கிடக்கும், தேடுங்கள். பிளக் இல்லாமலே கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் சந்தோஷம். சுற்றாவிட்டால் மல்லுக்கட்டாமல் இன்னும் நான்கு நாள் ஊற விடுங்கள். பிற்பாடு பிளக் போட்டு ஹாண்டில் அடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல்தான் முதலில் போகும்.

இதெல்லாம் சொல்லிவிட்டாலும், எஞ்சினைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அந்த 1489 சிசி எஞ்சின் முரட்டு ஜாதி, பத்து வருடத் தூக்கத்தை மன்னித்துவிடும். பிரேக் மன்னிக்காது. உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், நான்குக்கும் சேர்த்து ஒரே ஆயில் வழி. இன்றைய காரில் இரண்டு தனி வழிகள் இருக்கும், ஒன்று கசிந்தால் மற்றது பாதியாவது பிடிக்கும். உங்கள் காரில் ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போகும், அப்புறம் கைபிரேக்கும் குலதெய்வமும்தான்.

பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. 11 வருடத்தில் அது உறிஞ்சிய ஈரமெல்லாம் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் துருவாக உட்கார்ந்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, சக்கரம் இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரம் கொதிக்கும். ஆகவே ஹோஸ், சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் பார்க்காமலே மாற்றுங்கள். சிலிண்டருக்குள் குழி விழுந்திருந்தால் ரப்பர் மட்டும் போட்டு ஏமாறாதீர்கள். டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு.

பிரேக்குக்கு அடுத்தது ஸ்டியரிங், டயர், பெட்ரோல் டாங்க், வயரிங் என்று போங்கள். பெயின்ட் கடைசி. கல்யாணத்துக்கு முன் காலி மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள், ஒரு பக்கமாக இழுத்தால் பிரேக்கைச் சரிசமமாக அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். தேதிக்குள் வேலை முடியவில்லை என்றால் மாப்பிள்ளையை வாடகைக் காரில் கூட்டி வாருங்கள், அம்பாசடரை மண்டப வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கே: என் பிரீமியர் பத்மினி கார் காலையில் அருமையாக ஓடுகிறது. மதியம் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, அரை மணி நேரம் கழித்துத்தான் கிளம்புகிறது. எல்லாரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா? (சென்னை வாசகர்)

ப: பாதி உண்மை. உங்களுக்கு நடப்பதன் பெயர் வேப்பர் லாக். எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, பம்ப்புக்கு இழுக்கத் திரவம் கிடைப்பதில்லை. எத்தனால் வருவதற்கு முன்பே இது உண்டு. அந்தக் காலத்து டாக்ஸி டிரைவர்கள் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள், திரும்பி வந்தால் வண்டி கிளம்பும். இன்றும் அதே வைத்தியம் பலிக்கிறது. அன்றைக்கு ரோடு ஓடிக்கொண்டே இருந்தது, ரேடியேட்டருக்குக் காற்று கிடைத்தது. இப்போது கத்திப்பாராவில் இருபது நிமிடம் நின்று நின்று போகிறோம். உங்கள் ஃபேன் எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவது, எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் சோம்பேறியாகத்தான் சுற்றும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, முன்னால் ஒரு மின்சார ஃபேன் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எக்ஸாஸ்ட் பக்கத்தில் பெட்ரோல் குழாய் போகிறதா என்று பார்த்து அதைத் தள்ளி வையுங்கள்.

எத்தனால் செய்யும் வேலை வேறு. பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் அது மெதுவாக இளக்கிவிடும், டாங்கின் உள்ளே வருடக்கணக்கில் ஒட்டியிருந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். ஈரத்தை உறிஞ்சும், அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டாங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். தவிர எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) அளவில் கார்புரேட்டர் தருகிற கலவை எஞ்சினுக்குப் போதாது. இழுவை குறையும், சூடு கூடும். நல்ல மெக்கானிக் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் போட்டுச் சரிசெய்வார்.

எரிபொருள் ஹோஸ் வாங்கும்போது, எத்தனாலைத் தாங்கும் ரகத்தின் குறியான எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. பழைய கார் தீப்பிடிக்கும் கதைகளில் பல, சூடான எஞ்சின் மேல் சொட்டும் ஒரு முழ ஹோஸில் தொடங்குபவைதான். டிரைவர் சீட்டுக்குக் கீழே சின்ன தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். வண்டியை இரண்டு மாதம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோலை இறக்கிவிடுங்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வ் சீட்டைத் தின்னும் என்று ஒரு பயம் இருக்கிறது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000-லேயே போய்விட்டது. இத்தனை வருடம் ஓடியும் டாப்பெட் இடைவெளி திரும்பத் திரும்பக் குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். குறைந்தால் அடுத்த முறை ஹெட் இறக்கும்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம்.

கே: என்னிடம் 1972 மாடல் கார் இருக்கிறது. விஏ நம்பர் (வின்டேஜ் பதிவு) வாங்கினால் எஃப்சி (தகுதிச் சான்று) தொல்லை இல்லை, கெத்தாகவும் இருக்கும் என்கிறார் நண்பர். வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: "தினமும் காரை எடுப்பீர்களா?" என்று நண்பர் உங்களிடம் கேட்டாரா?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி இது. 50 வயது தாண்டி, அசல் வடிவம் பெரிதாக மாறாமல் இருக்கும் இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் வின்டேஜ். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், எனவே கெத்துக்காக என்றால் எம்டிஇசட், டிஎம்எக்ஸ் என்று தொடங்கும் உங்கள் பழைய நம்பரைவிடவா விஏ பெரிது?

மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, வேலை பார்க்க என்றுதான் ரோட்டுக்கு வரலாம். மருதமலைக்குப் போய் சாமி கும்பிட்டு, வழியில் காய்கறி வாங்கி வருவது அதில் இல்லை. உங்களுக்கு அது வேண்டும் என்றால் வழக்கமான பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு இருங்கள். எஃப்சி ஒன்றும் தொல்லை இல்லை, வருடக்கணக்காக நீங்கள் குனிந்து பார்க்காத இடத்தை இன்னொருவர் பார்க்கிறார். டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால், ஆர்சி புத்தகத்தில் அது ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், ஏறாவிட்டால் விபத்தில் இன்ஷூரன்ஸ் கையை விரிக்க அதுவே போதும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. உற்பத்தி நின்ற பழைய மாடலுக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஏஜென்ட் தானாகப் போடும் பத்தாயிரம் ரூபாய் மதிப்பை ஒத்துக்கொண்டு வராதீர்கள். உங்கள் ஊர் அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, அசல் வடிவம் என்றால் என்ன என்று ஒரு நாள் போய்ப் பார்த்து வாருங்கள்.

கே: அண்ணை, எங்கட அப்பப்பாவின்ர மொரிஸ் மைனர் இன்னும் ஓடுது. இப்ப முன் சில்லு ஆடுது, திருப்பேக்க "டொக்" எண்டு சத்தம். கராஜ்காரர் "அது பழசெண்டா அப்பிடித்தான்" எண்டுறார். ஓடலாமோ? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: ஓடாதீர்கள். சத்தத்துக்குக் காரணம் தெரியும்வரை வாசலைத் தாண்ட வேண்டாம்.

மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் கிங்பின்னின் அடியில் திருகு மரை போட்ட ஒரு துண்டு இருக்கிறது, ட்ரனியன் என்பார்கள். ஸ்டியரிங் திருப்பும்போது பின் அந்த மரையில்தான் சுற்றுகிறது. 1,000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டிய இடம். கிரீஸ் காணாமல் மரை தேய்ந்தால், ஒருநாள் பின் கழன்று சக்கரம் காருக்கு அடியில் மடிந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாக வளைக்கும்போதுதான் நடக்கும், அது அதிர்ஷ்டம். கண்டிவீதியில் 60-இல் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஆட்டம் எங்கே என்று இன்னொருவரை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு, பெருமைப்பட ஒன்றும் இல்லை. என்னுடையது வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதிலும் ட்ரனியன்தான், ஆனால் அதற்குக் கிரீஸ் கூடாது, கெட்டியான 90 நம்பர் ஆயில் விட வேண்டும். புத்தகத்தில் அச்சடித்து இருந்ததைப் படிக்காமல் வருடக்கணக்காகக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவன் நான். கிரீஸ் இறுகி மரைக்குப் போகாமல் நின்று, உள்ளே தண்ணீர் புகுந்து, இரும்பு அரித்துவிட்டது. ஒரு நாள் எங்கள் வீட்டு கேட்டுக்குள் முழுசாக வளைத்துத் திருப்பும்போது இடது சக்கரம் படுத்துவிட்டது. ஆட்டோ மாதிரிச் சின்ன வட்டத்தில் திரும்பும் கார் என்று மாமனாரிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் ஊர்க் கார்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. 1990-களில் பெற்றோல் தடையில் இருந்தபோது, சின்னப் போத்தலில் வைத்திருந்த நாலு சொட்டுப் பெற்றோலைக் கார்புரேட்டரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அழுத்தம் குறைவு, அதனால்தான் தாங்கின. இன்றைய காரில் அந்த வித்தை நடக்காது. உங்கள் மைனரும் அந்தக் காலத்தைக் கண்டதென்றால், எஞ்சின் கரிபிடித்துத்தான் இருக்கும், ஒருமுறை ஹெட்டைக் கழற்றிச் சுரண்டிவிடுங்கள். அடித்தளத்தையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு மைனர்களைத் தின்றது, உங்களுக்குக் கடற்காற்றே போதும். மற்றபடி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 16 லட்சத்துக்கு மேல் செய்த கார், இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கே கப்பலேறியிருக்கின்றன.

கே: பழைய காருக்கு ரேடியல் டயர் போடலாமா? (ஈரோடு)

ப: போடலாம், நாலும் ஒரே ஜாதியாக. முன்னால் ரேடியல், பின்னால் பழைய காலத்து நூல் (கிராஸ்-பிளை) டயர் என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் வீசும். பூ தேயவில்லை என்று பழைய டயரை நம்பாதீர்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. அது ஊஞ்சலுக்கு ஆகும், ரோட்டுக்கு ஆகாது.

கே: எல்இடி ஹெட்லைட் மாட்டினேன், எரியவில்லை. பல்பு டூப்ளிகேட்டா? (வேலூர்)

ப: உங்கள் கார் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும். 60-களின் நடுப்பகுதிவரை வந்த இங்கிலீஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் ஏறியிருக்கும். இழை பல்புக்குத் திசை இல்லை, எல்இடிக்கு உண்டு. செல்ஃபோன் சார்ஜர், ரேடியோ எதையும் மாட்டுமுன் இதைப் பாருங்கள், புகை வந்தபின் பார்த்துப் பயனில்லை. முன் விளக்கைவிடப் பின் பிரேக் விளக்கை முதலில் பளிச்சென்று ஆக்குங்கள், மங்கலான அந்தச் சின்னச் சிவப்புப் பொட்டு பகல் வெயிலில் யாருக்கும் தெரிவதில்லை.

கே: பெங்களூர் நெடுஞ்சாலையில் 50-இல் போனால் லாரிக்காரர்கூட ஹாரன் அடித்துத் திட்டுகிறார். பழைய கார் இனி ரோட்டுக்கு லாயக்கில்லையா? (ஆம்பூர் வாசகர்)

ப: அந்த ரோட்டுக்கு லாயக்கில்லை, எல்லா ரோட்டுக்கும் அல்ல. உங்களுக்கும் பின்னால் வருபவருக்கும் உள்ள வேக வித்தியாசம்தான் ஆபத்து. நீங்கள் 50, அவர் 100 என்றால் அவர் கண்ணுக்கு நீங்கள் நிற்கிற வண்டி. அதற்காக நீங்களும் 80-க்கு ஏற்றினால் அது இன்னொரு முட்டாள்தனம். நிறுத்தத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 40-லிருந்து 60-க்குப் போனாலே பிரேக் பிடிக்கும் தூரம் இரண்டேகால் மடங்கு. முன்னால் போகும் புதுக் கார் டிஸ்க் பிரேக்கில் சட்டென்று நின்றுவிடும், உங்கள் டிரம் பிரேக் யோசித்து நிற்கும். நடுவில் நீங்கள் விடும் இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும், அதற்கும் சேர்த்தே விடுங்கள்.

ஆம்பூரிலிருந்து ஏலகிரி போகவோ வேலூர் போகவோ ஊர் வழிச் சாலைகள் இருக்கின்றன. விடியற்காலை கிளம்பி வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடுங்கள், எஞ்சினும் சூடாகாது, திட்டவும் ஆள் இருக்காது. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு வருடா வருடம் நவம்பரில் பழைய கார் ஓட்டம் நடத்துகிறார்கள், முதல் ஓட்டம் 1896-இல் நடந்தது. 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டும்தான் இடம். விடிந்ததும் கிளம்பி 60 மைலை மணிக்குச் சராசரி 20 மைலுக்கு மிகாமல் கடக்கிறார்கள். நூற்றிருபது வயது வண்டிக்கே அது போதுமென்றால் உங்கள் காருக்கு 50 தாராளம். கியரைக் குறைக்கும்போது இரட்டை கிளட்ச் போட (கிளட்சை இரண்டு முறை மிதித்து மாற்றும் பழைய வித்தை) உங்களுக்குத் தெரிந்தால் அந்த லாரிக்காரரே கை காட்டி வழிவிடுவார், நான் பார்த்திருக்கிறேன்.

கே: எனக்கு 74 வயது. 40 வருடமாக வைத்திருக்கும் ஃபியட் காரைப் பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. ஒருவர் வாங்கிப் புதுசு போலப் பளபளவென்று ஆக்கி ஹோட்டல் வாசலில் நிறுத்துவதாகச் சொல்கிறார், நல்ல விலை. ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு பையன் ஓட்டுவதற்காகக் கேட்கிறான், அவனால் அவ்வளவு தர முடியாது. யாருக்குக் கொடுக்க? (திருச்சி வாசகர்)

ப: பணம் தேவையென்றால் ஹோட்டல்காரருக்குக் கொடுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. தேவையில்லை என்றால் எனக்குப் பையனைத்தான் பிடிக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்கும் காருக்கு ஆயில் சீல் காய்ந்து கசியும், பிரேக் சிலிண்டர் இறுகும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், இருக்கைக்குள் எலி குட்டி போடும். வெளியே பெயின்ட் மட்டும் பளபளக்கும். வாரம் ஒரு முறை பத்து மைல் ஓடும் காருக்கு இதெல்லாம் வராது.

பையனிடம் இரண்டு நிபந்தனை போடுங்கள். முதல் ஆறு மாதம் மாதாமாதம் வண்டியை உங்களிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். சோக்கை எவ்வளவு இழுத்தால் கிளம்பும், எந்தக் கியர் குளிரில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம், அதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லித்தர முடியும். இரண்டாவது, ஆர்சி பெயர் மாற்றத்தைப் பணம் கைமாறும் அன்றே ஆரம்பிக்க வேண்டும். அவன் வண்டியில் யார் மேலாவது இடித்தால் கோர்ட்டுக்கு உங்கள் பெயரில்தான் காகிதம் வரும்.

ஷெட்டில் இருக்கும் பழைய பாகங்கள், டப்பாவில் போட்டு வைத்த போல்ட்டுகள், பாதி தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள், காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்த இரண்டாவது சாவி. தொலைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டம்மாவின் தையல் மெஷின் டிராயரில் ஒருமுறை பாருங்கள், என்னுடையது பன்னிரண்டு வருடம் அங்கேதான் கிடந்தது.